வாய்விட்டு ஜெபித்த வியாழக்கிழமை

எங்கள் சபையில் என் ஜெபத்துக்கு ஒரு பேர் உண்டு. கடலூரில் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள் நான். வாய்தான் என் தொழில். எழுந்து நின்று கண்ணை மூடினேன் என்றால் கால்மணி நேரத்துக்குக் குறையாது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவர்கள் நெளிவார்கள். ஆனாலும் முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா ஜெபிச்சாதான் ஜெபிச்ச மாதிரி இருக்குது" என்பார்கள். என் வீட்டுக்காரர் மட்டும், "ஆண்டவரையும் கொஞ்சம் பேச விடு" என்பார். பொறாமை என்று நினைத்துக்கொள்வேன்.

வியாழக்கிழமைதோறும் சாயங்காலம் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம். மாதத்துக்கான பட்டியலைச் சபை வாசலில் ஒட்டிவிடுவார்கள். முறை வரும் வீட்டில் பாய் விரித்து, சுண்டலோ போண்டாவோ செய்து, டீ போட்டு வைக்க வேண்டும். இரண்டு பாட்டு, ஒரு வேதபகுதி, அப்புறம் ஆளாளுக்குத் தங்கள் விண்ணப்பத்தைச் சொல்வார்கள். ஒரு வீட்டில் பரீட்சை, ஒரு வீட்டில் சர்க்கரை வியாதி, ஒரு வீட்டில் மகளுக்கு வரன் தள்ளிப்போகிறது. கடைசி ஜெபம் என்னுடையது. சொன்னதில் ஒன்றையும் விடாமல், சீட்டில் குறித்துக்கொள்ளாமல், ஆள் பேரோடு கோத்துச் சொல்லிவிடுவேன். அதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. அவர்கள் சொல்லாமல் விட்டது எனக்குத் தெரிந்திருந்தால் அதையும் சேர்த்துக்கொள்வேன்.

இந்த விண்ணப்பங்களில் "குடும்ப சமாதானத்துக்காக" என்று ஒன்று அடிக்கடி வரும். பெண்கள்தான் சொல்வார்கள். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார்கள். என்ன ஏது என்று யாரும் கேட்க மாட்டோம். கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று வைத்திருந்தோம். எத்தனை பேருடைய குடும்ப சமாதானத்துக்காக நான் ஜெபித்திருப்பேன்! ஒருத்தியையாவது தனியாகக் கூப்பிட்டு, "உங்க வீட்ல என்னம்மா நடக்குது?" என்று கேட்டதில்லை.

அந்தப் பெண் காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்து எங்கள் சபைக்கு மருமகளாக வந்தவள். பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்பாள். ஒரு நர்சரி பள்ளியில் வேலை. சிரிப்பு ஜாஸ்தி, பேச்சு கம்மி. அவள் கணவன் சபைக் கமிட்டியில் இருந்தான். அவனைக் குறை சொல்ல ஒரு வாய் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்று, வயசானவர்களைக் கைபிடித்து ஆட்டோவிலிருந்து இறக்கிவிடுவான். யாருக்காவது ரத்தம் வேண்டுமென்றால் முதல் ஆளாகப் போய்ப் படுப்பான். என் மருமகளுக்கு அவன் ஒருவகையில் அண்ணன் முறை. "மாப்பிள்ளைன்னா இப்படி இருக்கணும்" என்று நானே நாலு வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை மதியம், மறுநாள் ஆராதனைக்காக நானும் அவளும் பீடத்தில் பூ வைத்துக்கொண்டிருந்தோம். வேறு யாரும் இல்லை. ஜாடியை அவள் உயரத் தூக்கியபோது சட்டைக் கை மேலே ஏறியது. மேல்கையில் நாலு விரல் அடையாளம், பச்சையும் மஞ்சளுமாக. பக்கத்தில் பழைய தழும்பு ஒன்று. நான் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"கதவுல இடிச்சிக்கிட்டேன்க்கா."

"கதவுக்கு விரல் இருக்குதா?" என்றேன். என் வாய் அப்படி.

அவள் பூவைக் கீழே போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்து அழுதாள். கல்யாணமாகி மூன்றாம் மாதத்திலிருந்தே நடக்கிறதாம். குழம்பில் உப்பு கம்மி, போனை எடுக்க நேரமாயிற்று, பாட்டுப் பயிற்சி முடிந்து யாரோடு பேசிக்கொண்டு வந்தாய், எதுவும் காரணமாகிவிடும். அடித்த மறுநாள் மண்டிபோட்டு ஜெபிப்பானாம். அவளையும் பக்கத்தில் மண்டிபோடச் சொல்வானாம்.

"யாருகிட்டயும் சொல்லிடாதீங்கக்கா. நான் வெளிய சொன்னது அவருக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான். எனக்காக ஜெபம் மட்டும் பண்ணுங்க."

"அதைவிடப் பெரிய ஆயுதம் ஏதும்மா? கொஞ்சம் பொறுத்துப் போ. ஆண்டவர் மாத்துவாரு" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன். மிச்சப் பூவையும் வைத்து முடித்துவிட்டுத்தான் இரண்டு பேரும் வீட்டுக்குப் போனோம்.

அடுத்த வியாழக்கிழமை பட்டியலில் அவர்கள் வீடு இருந்தது. மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி வீட்டு வாடகைப் போர்ஷன். கீழே வீட்டுக்கார அம்மா குடும்பம். பதினைந்து பேர் மாடியேறிப் போனோம். அவன்தான் படியில் நின்று எல்லாரையும் வரவேற்றான். விண்ணப்பம் சொல்லும் முறை வந்தபோது அவன், "சபை வளர்ச்சிக்காக" என்றான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பாயின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு பொங்கிவிட்டது. இந்த வீட்டுக்கு ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று எழுந்து நின்றேன்.

பரீட்சை முடிந்தது, சர்க்கரை முடிந்தது. பிறகு என் வாய் சொன்னது: "ஆண்டவரே, இந்த வீட்டையும் பாரும். இந்த வீட்டில் ஓங்குகிற கையைத் தொடும். அந்தக் கையை அன்பின் கையாக மாற்றும். யாரிடமும் சொல்ல முடியாமல் இந்தப் பிள்ளை வடிக்கிற கண்ணீரை நீர் கண்டீர்."

முடித்ததும் எல்லாருக்கும் மேலாக ஒரு "ஆமென்" கேட்டது. அது அவனுடைய குரல். அவனே டீ தட்டை எடுத்துவந்து முதல் டம்ளரை எனக்குக் கொடுத்தான். "ரொம்ப உருக்கமா ஜெபிச்சீங்கக்கா" என்றான். அவள் சுண்டல் கொண்டுவந்தபோது தட்டு ஆடியது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, பரிசுத்த ஆவியானவர் அவளைத் தொட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தியை எதால் அடிப்பது? வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம், "இன்னிக்கி அந்த வீட்ல ஒரு பெரிய காரியம் நடந்துச்சி" என்றேன். நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, அதே நேரத்தில்.

அந்த ஞாயிறு அவள் வரவில்லை. காய்ச்சல் என்றான். அடுத்த ஞாயிறும் இல்லை. அக்கா வீட்டுக்குச் சிதம்பரம் போயிருக்கிறாள் என்றான். நான் போன் போட்டால் அணைத்து வைத்திருந்தது. மூன்றாம் வாரம் காய்கறி மார்க்கெட்டில் அந்த வீட்டுக்கார அம்மா என்னைக் கண்டு நின்றாள். நெற்றியில் அகலமாகக் குங்குமம், கையில் கூடை. மாடிப்படியில் பார்த்துச் சிரித்த பழக்கம்தான்.

"நீங்கதான அன்னிக்கி ஜெபம் பண்ணவங்க?"

"ஆமாங்க."

"என்னாம்மா இப்படிப் பண்ணிட்டீங்க! நீங்க பேசனது கீழ எனக்கே கேட்டுச்சி. நீங்கள்லாம் செருப்பு மாட்டிக்கினு தெருமுனை தாண்டல, கதவ சாத்திட்டான். 'யாருகிட்ட சொன்ன, என்னா சொன்ன'ன்னு ஒரே கத்தல். நான் கரண்டியோட ஓடிப்போயி கதவ இடி இடின்னு இடிச்சேன். தொறந்தப்ப அந்தப் பொண்ணு மணிக்கட்டப் புடிச்சிக்கினு கெடக்குது. எலும்பு முறிஞ்சிபோச்சி. நான்தான் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயி, மறுநாள் காலைல சிதம்பரம் பஸ்ல ஏத்தி உட்டேன்."

வெங்காய மூட்டை மேல் கையை ஊன்றிக்கொண்டேன்.

"நான் அவளுக்காகத்தான்..." என்று இழுத்தேன்.

"தெரியும்மா. நல்லதுக்குத்தான் பண்ணீங்க. நாங்க கோயிலுக்குப் போனா மனசுக்குள்ள வேண்டிக்கினு வந்துடுவோம். சாமிக்குக் கேக்காதா என்னா? அந்தாளுக்கு ஏன் கேக்கணும்?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்.

வீட்டுக்கு வந்து அழுதேன். அழுகை அடங்கியதும் போதகரிடம் ஓடினேன். சின்ன வயசு, எங்கள் சபைக்கு வந்து இரண்டு வருஷம்தான். நல்ல மனசுக்காரர். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் வெளிறியது. ஆனால் கணவன் எனக்கு முன்னாலேயே வந்து அவரிடம் அழுதிருக்கிறான். கோபத்தில் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன், அவள் விழுந்துவிட்டாள், மன்னிப்புக் கேட்கத் தயார் என்றிருக்கிறான். எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு, திருமண நாள் வரும் தம்பதிகள் பீடத்துக்கு முன்னால் போய் நிற்பார்கள். போதகர் தலையில் கைவைத்து ஜெபிப்பார், எல்லாரும் கைதட்டுவோம். வருகிற முதல் ஞாயிறு அவர்கள் முறை. அன்றைக்கு அவளை அழைத்து வந்து அவனோடு நிற்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று போதகரும் அவனும் பேசி வைத்திருந்தார்கள்.

"டீச்சரம்மா, நீங்க சொன்னா கேப்பாங்க. சிதம்பரம் போய் கூட்டிக்கிட்டு வந்துடுங்க" என்றார்.

நான் மறுப்புச் சொல்லவில்லை. உள்ளதைச் சொல்கிறேன்: உடைத்தவளே ஒட்டவைத்தாள் என்று பேர் வாங்கும் ஆசை எனக்குள் ஓர் ஓரத்தில் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம் தாண்டும்வரை அவளிடம் என்ன பேசுவது என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். மன்னிப்பு, குடும்பம், எதிர்காலம். புதுச்சத்திரம் வந்தபோது அடுக்கியதெல்லாம் சரிந்துவிட்டது. அந்த மணிக்கட்டுதான் கண்முன்னால் நின்றது.

சிதம்பரத்தில் கீழவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அக்காவின் வீடு. கதவைத் திறந்த அக்கா என்னைப் பார்த்ததும் வழிமறித்து நின்றாள்.

"ஜெபம் பண்ண வந்தீங்களா? வேணாம். போயிடுங்க."

"ஜெபம் பண்ண வரல. அவ காலப் புடிக்க வந்தேன்" என்றேன். பிறகுதான் வழிவிட்டாள்.

அவள் உள்ளே இடதுகையில் மாவுக்கட்டோடு, ஒரு கையாலேயே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். நான் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். நான்தான் உன் கையை முறித்தேன், என்னை மன்னித்துவிடு என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அவள் கீரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நீங்க அன்னிக்கி ஜெபிக்கிறப்போ நான் கண்ணத் தொறந்துட்டேன்க்கா. 'ஓங்குகிற கை'ன்னு சொன்னீங்கள்ல, அப்போ. அவரும் கண்ணத் தொறந்துதான் வெச்சிருந்தாரு. என்னையே பாத்துக்கிட்டிருந்தாரு. நீங்க முடிக்கிறவரைக்கும் பாத்தாரு. நான் ஒவ்வொருத்தர் மொகமா பாத்தேன், யாராச்சும் ஒருத்தர் கண்ணத் தொறக்க மாட்டாங்களான்னு. எல்லாரும் மூடிக்கிட்டிருந்தீங்க."

அவள் பயத்தில் செத்துக்கொண்டிருந்த அத்தனை நேரமும் நான் வார்த்தைகளை ருசித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"மொத ஞாயித்துக்கெழம ஜெபத்துக்கு வரச்சொல்லி பாஸ்டர் அனுப்பினாரா?" என்று அவளே கேட்டாள்.

"அனுப்பினாரு."

"போனா என்னைக் கொன்னுடுவாருக்கா."

"நீ வரவேணாம்" என்றேன். அவள் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

கிளம்பும்போது அவள் ஒன்று கேட்டாள். போலீசில் எழுதிக் கொடுக்கப் போகிறாள். வீட்டுக்கார அம்மா வந்து சொல்வதாக ஒத்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் அதற்கு முன்னாலேயே அடித்திருக்கிறான் என்று சொல்ல ஆள் இல்லை. "அந்த விரல் அடையாளத்த நீங்க பாத்தீங்கள்ல. வந்து சொல்றீங்களா?"

உடனே சரி என்று சொன்னேன் என எழுதத்தான் ஆசை. சொல்லவில்லை. "பாக்கலாம்மா" என்றேன். என் மருமகளின் முகம் குறுக்கே வந்தது. வீட்டுக்கு வந்த அன்றே மகன் போன் செய்தான். "அம்மா, உனக்கு எதுக்கு இந்த வம்பு? அவங்க வீட்டுப் பொண்ண நான் கட்டியிருக்கேன். நாளைக்கு நான் எப்படி அந்த வீட்டு வாசப்படி மிதிப்பேன்?" இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜெபிக்கவும் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் என் வீட்டுக்காரர் காபி டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, "பேசக் கூடாத எடத்துல பேசிட்ட. பேச வேண்டிய எடத்துல வாய மூடிக்கப் போறியா?" என்றார். முப்பத்தைந்து வருஷத்தில் அந்த மனுஷன் சொன்ன மிக நீளமான பேச்சு அதுதான்.

மகளிர் காவல் நிலையத்துக்குப் போனேன். குங்குமக்கார அம்மா எனக்கு முன்னாலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தள்ளி இடம் கொடுத்தாள். உள்ளே அழைத்தபோது, பூ வைத்த நாளில் கண்டதையும் அவள் சொன்னதையும் சொன்னேன். வியாழக்கிழமை நான் செய்ததையும் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த போலீஸ் அம்மா பேனாவை நிறுத்தி, "அவர் முன்னாடியேவா சொன்னீங்க?" என்று கேட்டார். "ஆமா" என்றேன். அந்த ஒரு வார்த்தை சொல்வதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

போதகரிடம் மறுபடி போய்ச் சண்டை போட்டேன். என்ன பேசினேன் என்று வரிசையாக நினைவில்லை. "சேர்த்து வெக்கிறது, சேர்த்து வெக்கிறதுன்னு ஒரு நாள் சவப்பெட்டிக்குள்ள சேர்த்து வெச்சிடப் போறீங்க ஐயா!" என்று கத்தியது மட்டும் நினைவிருக்கிறது. அவர் மறுநாள் தன் மனைவியை அழைத்துக்கொண்டு சிதம்பரம் போனார். கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் அரைமணி நேரம் காத்திருந்து, அவள் கூப்பிட்ட பிறகே உள்ளே போனாராம். வேதத்தைத் திறக்கவில்லையாம். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்தாராம். இதை அவள்தான் பின்னால் போனில் சொன்னாள்.

முதல் ஞாயிறு வந்தது. அந்த மாதத் தம்பதிகள் ஒவ்வொருவராக முன்னால் போனார்கள். கடைசியில் அவனும் எழுந்தான். வெள்ளைச் சட்டை, கையில் பூங்கொத்து. தனியாக நடந்துபோய்ப் பீடத்தருகே நின்று தலையைக் குனிந்தான். பெண்கள் பக்கத்தில் யாரோ, "ஐயோ பாவம்" என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போதகர் மற்றவர்கள் தலையில் கைவைத்து ஜெபித்துக்கொண்டே வந்தார். அவன் முன்னால் வந்ததும் கையை இறக்கிக்கொண்டார்.

"தம்பி, உங்க மனைவிக்குச் சம்மதம் இல்லாத ஜெபத்தை நான் பண்ண முடியாது. போய் உக்காருங்க."

மைக் அணைக்கப்படவில்லை. சபை முழுக்கக் கேட்டது. அவனைக் கமிட்டியிலிருந்து எடுத்தாயிற்று என்றும், அந்தப் பிள்ளை எங்கே இருக்கிறாள் என்று யாரும் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் அறிவிப்பில் சொன்னார். நாலு குடும்பங்கள் பாதியிலேயே எழுந்து வெளியே போயின. என் சம்பந்தி வீட்டார் என்னோடு பேசுவதில்லை. மகன் பேசுகிறான், மருமகள் தலையாட்டுகிறாள். கஷ்டமாகத்தான் இருக்கிறது. அந்தப் பெண் சிதம்பரத்திலேயே ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வழக்கு நடக்கிறது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் குடத்தைத் தூக்கினால் வலிக்கிறதாம்.

வியாழக்கிழமைக் கூட்டத்தை நாங்கள் விட்டுவிடவில்லை. கடைசி ஜெபம் இன்னும் என்னிடம்தான். இப்போது இரண்டே நிமிஷத்தில் முடித்துவிடுவேன். "அக்காவுக்கு அபிஷேகம் கொறஞ்சிபோச்சி" என்று பேசிக்கொள்கிறார்கள், பேசட்டும். கண்ணை மூடுவதில்லை. வார்த்தை அதன்பாட்டுக்குப் போகும். நான் முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன மாதம் ஒரு வீட்டில் அப்படி ஜெபித்துக்கொண்டிருந்தபோது, அந்த வீட்டுப் பெண் கண்ணைத் திறந்து வைத்திருந்தாள். என்னைவிட ஐந்தாறு வயசுதான் சின்னவள், பேரன் எடுத்தவள். இருபது வருஷமாக ஒரே பாயில் உட்கார்ந்திருக்கிறோம். "குடும்ப சமாதானத்துக்காக" என்று எத்தனையோ முறை சொன்னவள். என் பார்வை அவள்மேல் விழுந்தது. அவள் கண்ணை நகர்த்தி, நாற்காலியில் இருந்த தன் கணவனைப் பார்த்தாள். பிறகு மறுபடி என்னைப் பார்த்தாள்.

ஆமென் சொன்னேன். டீ குடித்தோம். காலி டம்ளர்களை அள்ளிக்கொண்டு அவள் சமையலறைக்குப் போனபோது, "நானும் கழுவுறேன், இரு" என்று எழுந்து பின்னாலேயே போனேன். பக்கத்தில் நின்று ஒரு டம்ளரை எடுத்துத் தேய்த்தேன். வாயைத் திறக்கவில்லை. கூடத்தில் ஆண்கள் பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவள் ஒருமுறை திரும்பிக் கதவைப் பார்த்தாள். குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில், மெதுவாகப் பேச ஆரம்பித்தாள்.